நாற்காலியும் ஸ்பேனரும்: நாம் மறந்துபோன ஒரு கோரிக்கையின் வரலாறு



எந்த அண்ணனின் நினைவாக ஆண்டுதோறும் இங்கே கூடுகிறோமோ, அவரைக் கவிதை எழுதியவராகவும் இரவுப்பள்ளி நடத்தியவராகவும் உங்களில் பெரும்பாலோர் அறிவீர்கள். அவர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அரசுப் பேருந்துப் பணிமனை ஒன்றில் கழித்தவர் என்பதை இளையவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. உதவியாளராகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். எங்களுக்கு அம்பேத்கரைச் சொல்லிக்கொடுத்த அந்தக் கையின் நகக்கண்களில் கருப்புக் கிரீஸ் எப்போதும் இருக்கும். அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை. படித்த புத்தகங்களைப் பற்றிக் கேட்டோம், பார்த்த தலைவர்களைப் பற்றிக் கேட்டோம். பார்த்த வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. இந்த ஆண்டு அதைப் பேசியே ஆகவேண்டிய நெருக்கடியை ஒரு தம்பி உண்டாக்கிவிட்டார்.

அந்தத் தம்பி எங்கள் வாசிப்பு வட்டத்தில் வளர்ந்தவர். பி.காம். படித்தவர். அவர் குடும்பத்தில் முதல் பட்டதாரி. தந்தை செங்கல் சூளையில் வேலை செய்தவர், தாய் ஏரி வேலைக்குப் போகிறவர். சென்னையில் ஒரு வெளிப்பணி நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தார். ஏசி அறை, கழுத்தில் அடையாள அட்டை, மாதம் 18,000 ரூபாய். வண்டிக் கடன் வாங்கித் தவணை கட்டத் தவறியவர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுவதுதான் வேலை. 28 வயதில் ஒருநாள் அதை விட்டுவிட்டு, ஒரு கார் சர்வீஸ் சென்டரில் ஹெல்பராகச் சேர்ந்துவிட்டார். சம்பளம் 11,000.

அவர் அம்மா எங்களிடம் ஓடிவந்தார். "ஃபேன் காத்துல குந்திகினு வேலை செய்யிற புள்ளன்னு தெரு முழுக்க சொல்லிக்கினு இருந்தேனே, இப்ப கரி பூசிகினு வரானே" என்று அழுதார். நாங்களும் பதறித்தான் போனோம். நான்கைந்து பேர் சேர்ந்து அவரை உட்காரவைத்துப் பேசினோம். இரண்டு தலைமுறை போராடி உன்னை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது, நீ எழுந்து வருவது உன் சொந்த விஷயம் மட்டுமல்ல என்றெல்லாம் சொன்னோம். இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. தம்பி குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணே, ஆறு வருசம் குந்தினேன். நம்ம தெரு ஆளுங்க மாதிரி ஆளுங்களுக்குத்தான் போன் போட்டேன். வண்டிய தூக்கிடுவோம்னு மிரட்டணும். பதினோரு மாசத்துக்கு ஒருதடவ புது கான்ட்ராக்ட். வெளிய வந்தா எனக்குன்னு ஒரு வேலையும் தெரியாது. அதான் நாற்காலின்னா, எனக்கு வேணாம்ணே."

எங்களிடம் பதில் இல்லை. பதில் தேடித்தான் பழைய ஏடுகளைப் புரட்ட ஆரம்பித்தோம். இந்த உரை அப்படி உருவானது.

முதலில் நம்முடைய பதற்றத்துக்கு இருக்கிற நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். கைத்தொழிலை யாராவது புகழ்ந்தால் நமக்குச் சந்தேகம் வரும். வரவேண்டும். 1953-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குச் சரியாகப் பெயர் வைத்தார்கள். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். 1954-இல் ராஜாஜி பதவி விலக, காமராசர் முதலமைச்சராகி அதைக் கைவிட்டார். குயவர் பிள்ளைக்குப் பானை, வண்ணார் பிள்ளைக்குத் துணி என்றால், நம் பிள்ளைக்கு என்ன என்ற கேள்வியை அன்று எழுப்பாதவர்கள் நம்மில் யார்? 2023-இல் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் 18 பாரம்பரியத் தொழில்களைப் பட்டியலிட்டு, குடும்பவழித் தொழில் என்று பேசியபோதும் தமிழ்நாட்டில் அதே பழைய காயம்தான் வலித்தது. ஆகவே உழைப்பின் மாண்பு பற்றி யார் நமக்குப் பாடம் எடுத்தாலும், அவர் எந்தத் தெருவில் நின்றுகொண்டு எடுக்கிறார் என்று பார்ப்பது நம் தற்காப்பு.

நாற்காலி நமக்கு எளிதாக வந்ததும் அல்ல. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-இல் பரோடா சமஸ்தான அலுவலகத்தில் உட்கார்ந்த அம்பேத்கருக்குக் கோப்புகளைத் தூர நின்று வீசியெறிந்தார்கள் கடைநிலை ஊழியர்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை, தங்க வீடு இல்லை. அந்த நாற்காலியில் அவர் நிலைக்க முடியவில்லை. மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 சதவீத இடம் என்று 1943-இல்தான் முதன்முதலாக வந்தது. அதுவும் அவர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்து போராடியதால் வந்தது. இப்படி வந்த நாற்காலியை விட்டு ஒருவர் எழுந்தால் ஒரு தாய் அழத்தான் செய்வார்.

ஆனால் அம்பேத்கர் நாற்காலியை மட்டுமா கேட்டார்?

1938 பிப்ரவரியில் மன்மாடு நகரில் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயில் வேலை செய்த தீண்டப்படாத தொழிலாளர்களின் மாநாடு நடந்தது. பார்ப்பனியமும் முதலாளியமும் தொழிலாளரின் இரண்டு எதிரிகள் என்று அவர் அறிவித்தது அங்கேதான். அந்த வாக்கியம் நம் சுவரொட்டிகளில் இடம்பெற்றுவிட்டது. அதே உரையில் வேறொரு பகுதி இருக்கிறது. அதை நாம் சுவரில் எழுதவில்லை. பஞ்சாலைகளில் நல்ல கூலி கிடைக்கும் நெசவுப் பிரிவில் நம்மவர்களைச் சேர்ப்பதில்லை என்று அங்கே சொல்கிறார். தறிநாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோர்க்க வேண்டும், தீண்டப்படாதவரின் வாய் பட்ட நூலை மற்றவர் தொடமாட்டார் என்பது காரணம். ரயில்வேயில் நம்மவர் தண்டவாளக் கூலியாகவே இருக்கிறார். போர்ட்டராகக்கூட எடுப்பதில்லை. ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்ய வேண்டியிருக்கும். பிறகு பணிமனைக்கு வருகிறார். அங்கே நம்மவர் மேஸ்திரி ஆவது அபூர்வம், மெக்கானிக் ஆவது அதைவிட அபூர்வம், கூலியாக நுழைந்தவர் கூலியாகவே கிடக்கிறார் என்பது அவருடைய குற்றச்சாட்டு.

இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். கையால் வேலை செய்கிறோம் என்பதல்ல அவருடைய புகார். கையில் கருவி தரப்படவில்லை என்பதே புகார். பாரம் தூக்கும் கை நம்முடையது, அளந்து திருகும் கை வேறொருவருடையது. ஒரே கூரையின் கீழ், ஒரே அழுக்கில் நிற்கிற இரண்டு தொழிலாளர்களுக்கு நடுவே போகிற கோடு அது. பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1928 பம்பாய் பஞ்சாலை வேலைநிறுத்தத்தின்போது, நெசவுப் பிரிவில் நம்மவரை அனுமதிப்பதையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லித் தொழிற்சங்கத் தலைவர்களோடு அவர் மல்லுக்கட்டினார். இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1936-இல் எழுதிய சாதி ஒழிப்பு நூலில், சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்கிவைக்கும் ஏற்பாடு என்று அவர் காட்டினார். அந்த அடுக்கைப் பணிமனைக்குள் நின்று பார்க்க வேண்டுமானால் மன்மாடு உரையைப் படியுங்கள்.

இன்னொரு ஆவணம். 1942 அக்டோபரில் வைஸ்ராய்க்கு அவர் ஒரு நீண்ட கோரிக்கை மனு கொடுத்தார். அரசுப் பணியில் பங்கு, சட்டமன்றத்தில் பங்கு, கல்விக்கு நிதி என்று போகிற அந்த மனுவில், அறிவியல்-தொழில்நுட்பப் படிப்புக்கு உதவித்தொகை கேட்டதோடு, அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளுக்குத் தொழில் பழகும் இடங்கள் ஒதுக்க வேண்டும் என்றும் கேட்டார். வெறும் சட்டம் படித்தவர்கள் பெருகினால் மட்டும் போதாது என்பது அவர் கருத்து. இரண்டு கோரிக்கைகள் ஒரே தாளில் இருந்தன. நாற்காலிக் கோரிக்கையை நாம் தூக்கிச் சுமந்தோம். மற்றொன்றைக் கீழே போட்டுவிட்டோம் என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது. காரணமும் புரிகிறது. நாற்காலிக்கு அரசாணை இருந்தது, தேர்வு இருந்தது, விழுக்காடு இருந்தது. ஸ்பேனருக்கு என்ன அரசாணை?

நம் ஊர்க் கதைக்கு வருவோம். தமிழ்நாட்டில் மோட்டார் தொழிலின் கதையைச் சொல்கிறவர்கள் இரண்டு பேரிலிருந்து தொடங்குவார்கள். ஒருவர் டி.வி.சுந்தரம் அய்யங்கார். சட்டம் படித்து வக்கீல் தொழில் பார்த்து, ரயில்வேயிலும் பிறகு வங்கியிலும் வேலை செய்து, அதை விட்டுவிட்டு மோட்டார் தொழிலில் இறங்கியவர். 1911-இல் மதுரையில் அவருடைய நிறுவனம் தொடங்கியது. இன்னொருவர் கோவை ஜி.டி.நாயுடு. பள்ளிப் படிப்பை முடிக்காதவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து, அதை வாங்குவதற்காகக் கோவையில் ஓட்டல் சர்வராக வேலை செய்து காசு சேர்த்து, வாங்கிய வண்டியைப் பிரித்துப் பிரித்துப் போட்டு மெக்கானிக் ஆனவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தோடு தொடங்கினார்.

இவர்களுடைய உழைப்பைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமல்ல. நாயுடுவின் மூளை அபாரமானது, அதில் சந்தேகமில்லை. நாம் பார்க்க வேண்டியது ஒன்றைத்தான். அய்யங்கார் வங்கி நாற்காலியை விட்டு எழுந்தபோது அதற்குப் பெயர் துணிச்சல். நாயுடு எச்சில் இலை எடுக்கும் ஓட்டலுக்கு வேலைக்குப் போனபோது அதற்குப் பெயர் வேட்கை. நிலமும் உறவும் சாதியும் பின்னால் நின்றதால் அந்த இறக்கம் இறக்கமாகக் கணக்கில் வரவில்லை. அன்றைக்கு நம் சேரியிலிருந்து ஒருவர் கோவை ஓட்டலில் சர்வராகப் போய் நின்றிருக்க முடியுமா? சாப்பாட்டைத் தொட விட்டிருப்பார்களா? மோட்டார் சைக்கிள் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு வரும் கதை.

இந்தக் கதையின் இன்றைய வடிவம் அமெரிக்காவிலிருந்து வருகிறது. மேத்யூ கிராஃபோர்டு என்பவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அரசியல் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். வாஷிங்டனில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் நல்ல பதவியில் சேர்ந்து, சில மாதங்களிலேயே அதை உதறிவிட்டு மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்தார். அந்த அனுபவத்தை வைத்து அவர் 2009-இல் எழுதிய புத்தகம் பெரிதாகப் பேசப்பட்டது. சமூகவியல் வகுப்புகளிலும் இது அவ்வப்போது வந்துபோகும். அலுவலக வேலையில் மூளை மழுங்குகிறது, ஓடாத எஞ்சினுக்கு முன்னால் நிற்கும்போதுதான் அது விழித்துக்கொள்கிறது என்பது அவருடைய வாதம். எங்கள் தம்பி சொன்னதும் ஏறக்குறைய அதுதான், அவர் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை என்றாலும். வாதத்தில் உண்மை இருக்கிறது. ஓர் எஞ்சின் நடுக்கத்தோடு ஓடினால், அது ஸ்பார்க் பிளக்கா, இக்னிஷன் காயிலா, இன்ஜெக்டரா, காற்று ஒழுகலா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவது ஆராய்ச்சி முறையேதான். ஆனால் கிராஃபோர்டு கடை வைத்தார். கழுவும் பிரிவில் நிறுத்தப்படவில்லை.

கையையும் மூளையையும் பிரித்த ஏற்பாடு நம் பொறியியல் கல்லூரிகளின் வரலாற்றிலேயே இருக்கிறது. கிண்டி கல்லூரியின் வேர் 1794-இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் கலைத்தொழிற் பள்ளி தொடங்கினார். ஒரு பக்கம் பொறியியல், மறுபக்கம் கைவினைஞர்களுக்கான தொழிற்கல்வி என்று இவை இரண்டு தண்டவாளங்களாகவே போயின. தலைமுறை தலைமுறையாக இரும்பும் மரமும் கையாண்ட சாதிகள் பொறியாளர் ஆகவில்லை. சுத்தியலைத் தொட்டறியாத சாதிகள் பொறியியலைக் கணக்காகவும் தேர்வாகவும் மாற்றி எடுத்துக்கொண்டன. அஜந்தா சுப்பிரமணியன் 2019-இல் வெளியிட்ட ஐ.ஐ.டி. சென்னை பற்றிய ஆய்வு நூலில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். மாணவத் தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும். இந்தச் சண்டையில் நாம் எந்தத் தண்டவாளத்திலும் இல்லை. கொல்லரின் பட்டறையிலும் நமக்கு இடமில்லை, கிண்டியிலும் இல்லை.

மோட்டார் வந்தபோது ஒரு சிறிய வாசல் திறந்தது என்றுதான் சொல்ல வேண்டும். காருக்குக் குலதெய்வம் கிடையாது. கார்புரேட்டரைத் திறக்க இன்ன சாதியில் பிறந்திருக்க வேண்டும் என்று எந்த மரபும் இல்லை. சென்னை புதுப்பேட்டைக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். பழைய வண்டியை எலும்பு எலும்பாகப் பிரித்து விற்கிற அந்தத் தெருக்களில் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், கையில் எடுத்த கியரின் பற்களைத் தடவிப் பார்த்தே எந்த வண்டியுடையது என்று சொல்லிவிடுவார். லாரி கிளீனராக ஏறி, டிரைவரின் திட்டையும் அடியையும் வாங்கி, பஞ்சர் ஒட்டி, வழியில் நின்ற வண்டியின் கீழே படுத்துத் தொழில் கற்றவர்கள் நம் தெருக்களிலும் உண்டு. ஆனால் வாசல் திறந்திருப்பது வேறு, உள்ளே எதுவரை போகலாம் என்பது வேறு. ஸ்பேனரை எடுத்துக்கொடுக்கும் பையன் எப்போது ஸ்பேனரைப் பிடிப்பான் என்பதை எந்தப் பட்டறையிலும் எழுதி வைப்பதில்லை. மேஸ்திரியின் மனசு. மேஸ்திரியின் மனசு பெரும்பாலும் மேஸ்திரியின் சொந்தக்காரப் பையன் பக்கம் சாயும்.

அண்ணனின் பணிமனை இங்கேதான் முக்கியமாகிறது. தமிழ்நாட்டில் பேருந்துகள் அரசுடைமையாகி, 1970-களில் போக்குவரத்துக் கழகங்கள் உருவானபோது, மெக்கானிக் வேலைக்கு முதன்முறையாக ஒரு வரிசை வந்தது. உதவியாளர், தொழில்நுட்பப் பணியாளர், அதற்கு மேல் என்று படிகள். பணிமூப்புப் பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டது. இடஒதுக்கீடு இருந்தது. மேஸ்திரியின் மனசுக்குப் பதிலாக ஒரு தாள். அதனால் சாதி போய்விட்டதா என்றால், இல்லை. அண்ணன் இறந்த பிறகு அவர் வீட்டில் கிடைத்த குறிப்பேடு ஒன்றில், கவிதை வரிகளுக்கு நடுவே, தனக்கு முதன்முதலாக டூல் பாக்ஸ் சாவி தரப்பட்ட தேதியை எழுதி அடிக்கோடிட்டிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்து ஏழாவது ஆண்டு அது. அவரோடு சேர்ந்த மற்றவர்களுக்கு எத்தனை மாதத்தில் கிடைத்தது என்ற பட்டியலும் அதன் கீழேயே இருக்கிறது. கருத்து எதுவும் எழுதவில்லை. அந்தப் பக்கத்தை நாங்கள் பல ஆண்டுகளாகக் கவிதைத் தொகுப்புக்குத் தேவையற்றது என்று ஒதுக்கி வைத்திருந்தோம்.

இப்போது தம்பியின் சர்வீஸ் சென்டருக்குப் போவோம். கண்ணாடிச் சுவர், வாடிக்கையாளருக்குக் காபி, தரையில் எண்ணெய்ச் சொட்டு இல்லை. சேர்ந்த முதல் வாரத்தில் சூப்பர்வைசர் கேட்டாராம், எந்த ஊர் என்று. ஊரைச் சொன்னார். ஊரில் எங்கே என்று கேட்டார். ஏரிக்கரை என்றார். "கோயில் பக்கமா, ரோட்டுக்கு அந்தப் பக்கமா?" அவ்வளவுதான். அன்றே வாட்டர் வாஷுக்கு அனுப்பப்பட்டார். புதிதாக வருகிற எல்லோரும் வாஷில்தான் தொடங்குவார்கள் என்று சொல்லப்பட்டது. அது பொய்யும் அல்ல. இவருக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் ஆறே வாரத்தில் பே-க்குள் போய் ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார்கள். இவர் ஒன்பது மாதம் அழுத்தக் குழாயோடு அண்டர் சேஸிஸ் சேற்றில் நின்றார். கால் விரலிடுக்கெல்லாம் புண்.

அதையும் தம்பி பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறு. விபத்தில் சிக்கிய வண்டிகள் வரும். சில நேரம் இருக்கையில் ரத்தம் காய்ந்திருக்கும். நாய் அடிபட்ட வண்டி வந்தால் பம்பருக்கு உள்ளே சதை ஒட்டியிருக்கும். வாஷில் நான்கு பேர் இருந்தாலும், அந்த வண்டி வந்தால் இவர் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். மற்ற மூவரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். இதைச் சொல்லும்போது தம்பி அழவில்லை, சிரித்தார். "கம்ப்யூட்டர்ல ஜாப் கார்டு போடுறாங்கண்ணே. அதுல சாதி காலமே இல்ல. ஆனா வண்டி கரெக்டா என்கிட்டயே வந்துடுது."

செத்த மாட்டைத் தூக்கச் சொன்ன ஊருக்கும் இதற்கும் என்ன தூரம்? ஆனால் இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். இந்தக் கதையைக் கேட்டதும் எங்களில் ஒரு தோழர், பார்த்தாயா, அதனால்தான் நாற்காலியை விடாதே என்றோம் என்றார். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. நாங்களும் பிறகு ஒத்துக்கொள்ளவில்லை. ரத்தம் கழுவ அனுப்பியது பட்டறையின் குற்றம், பட்டறை வேலையின் குற்றம் அல்ல. பரோடாவில் கோப்பை வீசினார்கள் என்பதற்காக நாம் அலுவலகத்தையே வேண்டாம் என்று சொன்னோமா?

அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தது அங்கிருந்த ஒரு வயதான பாய். வேலை நேரம் முடிந்து அரைமணி நேரம். சக்கர நட்டுகளை வட்டமாகச் சுற்றி இறுக்கக் கூடாது, நட்சத்திரம் போல எதிரெதிராக இறுக்க வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பித்தார். ஆயில் மாற்றும்போது டிரெய்ன் பிளக்கின் வாஷரைப் புதிதாகப் போடாமல் பழையதையே போட்டால் பத்து நாளில் சொட்டும். டார்க் ரென்ச் 'டக்' என்று சொன்னதும் கையை எடுத்துவிட வேண்டும், பலத்தைக் காட்டக் கூடாது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு வண்டிகளில் சென்சார்கள் பெருகிவிட்டன. ஸ்கேனர் காட்டும் பிழைக் குறியீடுகள் எல்லாம் ஆங்கிலத்தில். அதில் பாய் தடுமாறுவார். அங்கே பி.காம். தம்பி உதவினார். அலுவலகத்தில் ஆறு ஆண்டுகள் பார்த்த திரையும் ஆங்கிலமும் அப்போதுதான் பயன்பட்டன என்றார். பதினான்காம் மாதம் அவரை பிரேக் வேலைக்கு எடுத்தார்கள். எடுத்துத்தான் ஆகவேண்டியிருந்தது, ஆள் இல்லை.

பாய் என்ற ஒரு மனிதரின் நல்ல மனசு இல்லாதிருந்தால்? இந்தக் கேள்வியோடுதான் நாங்கள் சட்டப் புத்தகத்தைத் திறந்தோம். திறந்தபோது வெட்கப்பட்டோம். 1961-இல் வந்த தொழிற்பழகுநர் சட்டம் ஒன்று இருக்கிறது. 1973 திருத்தத்தில் அதில் 3ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. குறிப்பிட்ட தொழில்களில் பழகுநர் இடங்களை எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு வேலையளிப்பவர் ஒதுக்க வேண்டும் என்கிறது அது. வேலையளிப்பவர் என்றால் அரசு மட்டும் அல்ல, தனியாரும்தான். மோட்டார் மெக்கானிக் தொழில் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களை எடுப்பது கட்டாயம் என்று 2019 விதித் திருத்தம் சொல்கிறது. தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும் என்று எத்தனை ஊர்வலம் போயிருக்கிறோம்! தனியாரைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறு ஒதுக்கீடு ஐம்பது ஆண்டுகளாகச் சட்டத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் வட்டத்தில் மூன்று வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கும் அது நினைவில் இல்லை.

நிறுவனங்கள் இதை எப்படிக் கடக்கின்றன என்பதற்குத் தம்பியின் சம்பளச் சீட்டே சாட்சி. அதில் அவர் பழகுநர் அல்ல, ஒப்பந்தக்காரர் கொடுத்த 'ஹெல்பர்'. பழகுநர் என்றால் பாடத்திட்டம் உண்டு, பதிவு உண்டு, கால வரம்பு உண்டு, முடிவில் தேர்வும் சான்றிதழும் உண்டு. ஹெல்பருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. 1938-இல் கூலி என்று எழுதிய இடத்தில் இன்று ஹெல்பர் என்று எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் பகுதியில் இந்த ஆண்டு ஐ.டி.ஐ. முடிக்கிற ஏழு பிள்ளைகள் இருக்கிறார்கள். மோட்டார் மெக்கானிக் பிரிவில் நான்கு பேர், டீசல் மெக்கானிக்கில் இரண்டு, ஃபிட்டர் ஒன்று. மோட்டார் மெக்கானிக் படிப்பவர்களில் ஒருவர் பெண். அந்தப் பெண்ணிடம், பாப்பா, உன்னை ரிசப்ஷனில் உட்காரச் சொல்வார்களே என்று கேட்டோம். "அதுக்கு எதுக்கு ரெண்டு வருசம் ஐ.டி.ஐ.? மொதல்லயே போயிருப்பனே" என்றது. மாவட்டத்தில் உள்ள பெரிய சர்வீஸ் சென்டர்கள் ஒவ்வொன்றிலும் எத்தனை பழகுநர் இடங்கள், அவற்றில் எஸ்.சி., எஸ்.டி. எத்தனை என்று கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

தம்பியின் அம்மாவைப் போன வாரம் பார்த்தோம். இப்போதும் அவருக்கு முழு மனசு இல்லை. சட்டையில் கரை போகமாட்டேன் என்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். சம்பளம் இன்னும் பழைய சம்பளத்தை எட்டவில்லை என்பதையும் அவர் மறக்கவில்லை. நாமும் மறக்கக் கூடாது. தெருவில் ஒருவரின் ஷேர் ஆட்டோ நின்றுபோய் இவன் போய்ப் பார்த்துக் கிளப்பிவிட்டான் என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

அண்ணனின் குறிப்பேட்டுப் பக்கத்தை நகலெடுத்து வாசலில் உள்ள மேசையில் வைத்திருக்கிறோம். பக்கத்தில் பழகுநர் சட்டத்தின் அந்தப் பிரிவைத் தமிழில் எழுதிய தாளும், மனுவின் மாதிரியும் இருக்கின்றன. அடுத்த மாதம் முதல் ஞாயிறு மாலை 4 மணிக்கு இதே அரங்கில் மனு எழுதும் கூட்டம். உங்கள் தெருவில் ஐ.டி.ஐ. படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அழைத்து வாருங்கள். சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் நகல்கள் இரண்டு செட் எடுத்து வரச் சொல்லுங்கள். ஹெல்பராக வேலை செய்கிறவர்கள் சம்பளச் சீட்டைக் கொண்டு வரட்டும்.